காலி டப்பாவும் கருப்பு வண்டும்

என் சத்துமாவு டப்பாவில் கருப்பு வண்டு இருக்கிறது என்பதை ரொம்ப நாள் நான் யாரிடமும் சொல்லவில்லை. மாவில் வண்டு இருப்பதே வெளியில் சொல்லக்கூடிய விஷயமில்லை. அதில் சிவப்பு எத்தனை, கருப்பு எத்தனை என்று வேறு சொல்லிக்கொண்டிருப்பார்களா?

மாடியில் குடியிருக்கும் பெண் வந்து கேட்ட அன்றைக்கும் இல்லை என்றுதான் சொன்னேன். பொத்தேரிப் பக்கம் ஒரு காலேஜில் பெரிய படிப்பு படிக்கிறவள் அவள். கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டு மாடியில் ஒரு ரூமும் ஒரு சமையலறையும் அவளுக்கு. காலையில் ரயில் பிடித்துப் போனால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்புவாள். குடிவந்த நாலு மாசத்தில் நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் மோட்டார் போட்டாச்சா, தண்ணி ஏறிச்சா, அவ்வளவுதான். எனக்கு யாரிடமும் பேச வராது. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். படித்தவர்களைப் பார்த்தால் வாய் தானாக மூடிக்கொள்ளும். வீட்டுக்காரர் இருந்தவரை என் பங்குப் பேச்சையும் சேர்த்து அவரே பேசிவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கறிவேப்பிலை இருக்குமா என்று கேட்கிற மாதிரி வாசலில் நின்று கேட்டாள், உங்கள் வீட்டு மாவில் வண்டு இருக்குமா அம்மா என்று. எனக்கு முகம் சுண்டிவிட்டது. எங்கள் வீட்டில் அதெல்லாம் கிடையாது என்று கதவைப் பிடித்துக்கொண்டே சொன்னேன். பரவாயில்லை என்று சிரித்துவிட்டு மேலே போனாள். ஆனால் படியேறுகிற சத்தத்தில் ஒரு சோர்வு இருந்தது. வண்டு இல்லை என்றால் யாருக்காவது வருத்தம் வருமா? அன்று முழுக்க எனக்கு அதே யோசனை.

மறுநாள் சாயங்காலம் அவள் வந்ததும் சத்துமாவு டப்பாவை முந்தானையில் மூடி எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். தெருவில் யாராவது பார்த்தால் என்னமோ திருடிக்கொண்டு போகிறேன் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

டப்பாவைத் திறந்து பார்த்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு பேப்பரை விரித்து இரண்டு கரண்டி மாவைக் கொட்டினாள். வண்டுகள் நாலா பக்கமும் ஓடின. எள்ளை விடக் கொஞ்சம் நீளமாக, செம்பு நிறத்தில். அவற்றுக்கு நடுவில் இரண்டு, தார் மாதிரிக் கருப்பாக. அவள் ஒரு பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்து, குனிந்து பார்க்கச் சொன்னாள்.

அறுபத்தெட்டு வயசு வரைக்கும் வண்டு என்றால் எனக்கு சல்லடையும் வெயிலும் வசம்பும்தான். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். முதுகில் கோடு போட்டு இழைத்த மாதிரி வரிகள். தலையில் இரண்டு குட்டி மீசை, நுனியில் மொட்டு மாதிரித் தடித்திருந்தது. ஒன்று நின்று மீசையைக் காலால் இழுத்துச் சுத்தம் செய்துகொண்டது. இத்தனை வருஷம் இதையா புடைத்துக் கொட்டினேன் என்று இருந்தது. கழுத்து வலி வரும்வரை நிமிரவில்லை.

அவள் என்ன படிக்கிறாள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரு வீட்டு மாவில் இருக்கும் வண்டும் அடுத்த ஊர் வீட்டில் இருக்கும் வண்டும் ஒரே வம்சமா, வேறு வேறா என்று பார்க்கிறாளாம். வெளியில் பார்க்க எல்லாம் ஒன்று போலத் தெரியும். உடம்பை அரைத்து மருந்தில் கரைத்து மெஷினில் வைத்தால் உள்ளே இருக்கிற மரபணு கோடு கோடாகத் தெரியுமாம். அந்தக் கோடு எவ்வளவு ஒத்துப்போகிறதோ அவ்வளவு கிட்டத்துச் சொந்தம். கடையிலும் மாவு மிஷினிலும் பல ஊர் மூட்டை வந்து இறங்குவதால் அங்கே இருக்கும் வண்டு எல்லாம் கலந்து கிடக்கும். ஒரு வீட்டு டப்பாவில் இரண்டு மூன்று வண்டு மட்டும் போய்ச் சேர்ந்து அதிலிருந்தே பெருகினால் எல்லாவற்றுக்கும் ஒரே சாயல் வந்துவிடும். என் டப்பாவில் கருப்பு இவ்வளவு இருப்பதற்கு அதுதான் காரணமாக இருக்கும் என்றாள். முதலில் வந்த இரண்டு மூன்றில் ஒன்று கருப்பு ரத்தம் உள்ளதாக இருந்திருக்கும்.

அவளுக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான். அப்படித் தனியாக இருக்கும் வீட்டு வண்டு வேறு ஊர் வீட்டுக்குப் போகிறதா, போய் அங்கே இருப்பதோடு கலக்கிறதா? தண்டவாளத்தைத் தாண்டுமா, மெயின் ரோடான ஜி.எஸ்.டி. ரோட்டைத் தாண்டுமா? ஆனால் யாரும் வீட்டுக்குள் விடுவதில்லை. வண்டு இருக்கிறதா என்று கேட்டதுமே கதவைச் சாத்திவிடுகிறார்களாம். நானே சாத்தினவள்தானே, தலையைக் குனிந்துகொண்டேன்.

அந்த வெட்கத்தில்தான் வாயை விட்டேன். நம்ம சொந்தக்காரங்க வீடுகளில் நான் வாங்கித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொல்லி முடித்ததும் எனக்கே பயமாகிவிட்டது. அவள் அதற்குள் எட்டு டப்பாவை எடுத்துக் கொடுத்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் சளி எடுத்துக் கொடுக்கச் சொல்லித் தருவார்களே, அந்த மாதிரி வெள்ளை டப்பா. ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு ஒட்டி இருந்தது. ஊர்ப் பெயரை மட்டும் நான் எழுதினால் போதும்.

வண்டு கொடு என்று யாரையும் கேட்க என் நாக்கு எழும்பாது. அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். யார் வீட்டுக்குப் போனாலும் சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை, மாவு ஏதாவது இருந்தால் கொடுங்கள், சலித்துத் தருகிறேன் என்பேன். வேலை செய்து தருகிறேன் என்றால் யார் வேண்டாம் என்பார்கள்? சல்லடையில் நின்ற வண்டை டப்பாவில் தட்டிக்கொள்வேன். சேலையூரில் இரண்டு வீடு, மேற்குத் தாம்பரத்தில் இரண்டு, பெருங்களத்தூரில் ஒன்று, செம்பாக்கத்தில் ஒன்று. என் மகள் மேடவாக்கத்தில் அடுக்குமாடியில் இருக்கிறாள். அவள் ஆபீஸ் போயிருந்த நேரத்தில் அவள் வீட்டிலும் எடுத்தேன். மாசா மாசம் நான் அரைத்துக் கொடுக்கும் சத்துமாவுதான் அங்கே இருந்தது. அதில் வண்டும் இருந்தது. டப்பாவில் ஊர்ப் பெயரை எழுத்துக் கூட்டி எழுதுவேன், பரீட்சை எழுதுகிற மாதிரி. சாயங்காலம் மாடிப் பெண்ணைப் பார்த்ததும் டப்பாவை நீட்டுவேன். அவள் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். அந்த ஒரு நொடிக்காகவே ஊர் ஊராகப் போனேன்.

எட்டாவது டப்பா பல்லாவரம். வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போகிற சாக்கில் என் நாத்தனார் வீட்டுக்குப் போனேன். வீட்டுக்காரருக்கு அக்கா. வாய் ஜாஸ்தி, வீடு பளிச்சென்று இருக்கும். மூன்று டப்பா மாவையும் சலித்தேன். ஒன்றும் இல்லை. ரவை, மைதா, ஒன்றிலும் இல்லை. இன்னாடி தேடற, தங்கமா போட்டு வெச்சிருக்கேன் என்று நாத்தனார் நக்கலடித்தாள். எங்க வூட்ல பூச்சி வராது, அதுக்குக் கை சுத்தம் வேணும் என்று என் கையைப் பார்த்தாள்.

காலி டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். ரயிலில் வரும்போதெல்லாம் அது மடியில் கனத்தது. எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒருத்தர் ஒரு பாத்திரத்தில் ஏதாவது கொடுத்தனுப்பினால், அதைக் காலியாகத் திருப்பிக் கொடுக்க மாட்டோம். ஒரு பிடி அரிசி, ஒரு கை சர்க்கரை, ஒன்றுமில்லாவிட்டால் இரண்டு பச்சைமிளகாயாவது போட்டுக் கொடுப்போம். என் கை அப்படியே பழகினது. வீட்டுக்கு வந்ததும் யோசிக்கக்கூட இல்லை. என் சத்துமாவு டப்பாவிலிருந்து ஒரு கரண்டி அள்ளி அந்த வெள்ளை டப்பாவில் போட்டேன். கருப்பு வண்டு ஒன்றும் கூடவே விழுந்தது. மேலே "பல்லாவரம்" என்று எழுதி மாடிப் பெண்ணிடம் கொடுத்தேன். அவள் சந்தோஷப்பட்டாள். எனக்கும் நிம்மதியாக இருந்தது. பொய் சொல்கிறேன் என்று அப்போது தோன்றவே இல்லை, அதுதான் உண்மை.

இரண்டு மாசம் போயிற்று. ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் அவள் மாடிக்குப் போகாமல் நேராக என் சமையலறைக்குள் வந்தாள், செருப்பைக்கூட வாசலில் ஒன்றும் கூடத்தில் ஒன்றுமாக விட்டுவிட்டு. போனில் படம் காட்டினாள். கருப்பில் வெள்ளைக் கோடுகள், ஏணிப் படி மாதிரி. இது உங்கள் வீடு, இது கடை, இது மிஷின் என்று விரலால் நகர்த்தினாள். கடையும் மிஷினும் தாறுமாறாக இருந்தன. எங்கள் தெருக்கோடி மிஷின் வண்டு எங்கள் வீட்டு வண்டுக்குச் சொந்தமே இல்லை என்று சொன்னபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். அங்கேதான் நாற்பது வருஷமாக அரைக்கிறேன்.

"இப்ப இதப் பாருங்கம்மா" என்றாள். மேடவாக்கத்தையும் பல்லாவரத்தையும் என் வீட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அந்தக் கோடுகளைப் படிக்க எனக்குத் தெரியாவிட்டாலும் ஒன்று போல இருப்பது கண்ணுக்குத் தெரிந்தது.

"மேடவாக்கம் உங்க வீட்டுக்கு நெருங்கின சொந்தம். பல்லாவரம் அப்படியே நீங்கதான். கருப்பு கூட இருக்கு. நடுவுல ரயில், மெயின் ரோடு, அவ்ளோ வீடு. எல்லாத்தையும் தாண்டிப் போயிருக்கு" என்றாள். திங்கட்கிழமை இதை அவளுடைய காலேஜ் மேடத்திடம் காட்டப்போகிறாளாம். அவள் படிப்பில் இந்தப் பகுதி இதை வைத்துத்தான் நிற்கப்போகிறது. என் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கிவிட்டு மாடிக்கு ஓடினாள்.

அடுப்பில் ரசம் பொங்கி வழிந்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். பல்லாவரம் ஏன் அப்படியே நான் என்று எனக்குத்தான் தெரியும்.

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று நினைத்தேன். யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் அவள் கண்ணாடியைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னவள். நான் பார்த்தது பொய்யில்லை, அவள் சொன்னதும் பொய்யில்லை, நடுவில் நான் போட்ட ஒரு கரண்டி மாவு மட்டும் பொய். வெள்ளிக்கிழமை காலையில் அவள் ரயிலுக்குக் கிளம்பி இறங்கும்போது படிக்கட்டின் கீழே போய் நின்றேன்.

"அந்தப் பல்லாவரம் டப்பாமா. அது அவங்க வூட்டு வண்டு இல்ல. என்னுது."

அவளுக்குப் புரியவில்லை.

"அங்க வண்டே இல்ல. டப்பா காலியா கீதேன்னு நம்ம மாவ ஒரு கரண்டி போட்டுக் குடுத்துட்டேன்."

"ஏம்மா?"

"காலி டப்பாவ எப்டிமா திருப்பிக் குடுக்கறது?"

அவள் கடைசிப் படியில் உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை. "காலின்னா காலியாவே குடுத்திருக்கலாம்மா. இல்லைங்கறதும் ஒரு பதில்தான்" என்றாள். அப்புறம் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். எனக்கு அவள் கேட்பதற்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது.

"மேடவாக்கம்?"

"அது நெசமா என் பொண்ணு வூட்ல எடுத்தது. மத்ததெல்லாம் கூட அந்தந்த வூட்டுதுதான்."

"நான் நம்பறேன்மா. ஆனா நான் நம்பறேன்னு மேடத்துக்கு எழுதிக் குடுக்க முடியாதே."

அதுதான் விஷயம். பல்லாவரத்தை எடுத்துவிட்டால் ஊர் தாண்டிப் போன வண்டு மேடவாக்கம் ஒன்றுதான். அதுவும் என் கை பட்டது. இனிமேல் என் கையை யார் நம்புவார்கள்? அதையும் தூக்கிப் போட்டால் அவளுக்குக் காட்ட ஒன்றும் இருக்காது. ஆறு மாச வேலை. அவளே போய், அவள் கையால், மேடவாக்கத்தில் மறுபடி எடுத்தால் மட்டும்தான் திங்கட்கிழமை வாயைத் திறக்க முடியும். நாளைக்கு சனிக்கிழமை, என் மகள் வீட்டில் இருப்பாள், நானே கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன்.

மறுநாள் அவள் ஸ்கூட்டரில் கிளம்பினோம். அதுவரை ஸ்கூட்டரின் பின்னால் நான் உட்கார்ந்ததில்லை. ஒரு பக்கமாக உட்கார்ந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். கேம்ப் ரோடு சிக்னலில் கண்ணை மூடினவள் ராஜகீழ்ப்பாக்கம் தாண்டித்தான் திறந்தேன். அதற்கப்புறம் பயம் போய்விட்டது. காற்று முகத்தில் அடிக்க, தண்ணி லாரிகளுக்கு நடுவில் அவள் வளைந்து வளைந்து போக, எனக்கு ஒரே குஷி. போகிறது என்னவோ குற்றவாளியாகத்தான்.

மகள் வீட்டுக் கதவைத் திறந்ததும் பினாயில் வாசனை அடித்தது. விஷயத்தைச் சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது. நான் வண்டு எடுத்துப் போனதை முன்பே போனில் அவளிடம் உளறியிருந்தேன். காலேஜில் போய் என் வீட்டு மாவில் வண்டு என்று சொல்லிவிட்டாயா என்று அப்போதே ஒரு ஆட்டம் ஆடியிருந்தாள்.

"அத அன்னிக்கே கொட்டியாச்சும்மா. எல்லா டப்பாவையும் வெந்நீர் ஊத்திக் கழுவிட்டேன். இப்ப மாவெல்லாம் ஃப்ரிட்ஜுலதான். வண்டு பிடிக்கவா ரெண்டு பேரும் இவ்ளோ தூரம் வந்தீங்க?"

மாடிப் பெண் விடவில்லை. அலமாரியைத் திறந்து ஒவ்வொரு டப்பாவாக எடுத்தாள். மூடி விளிம்பு, அலமாரி மூலை, மிக்ஸிக்கு அடியில் என்று கண்ணாடி வைத்துப் பார்த்தாள். ஒரு கால், ஒரு இறக்கை கூட இல்லை. என் மகள் இவ்வளவு சுத்தக்காரி என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வேறு நாளாக இருந்தால் பெருமைப்பட்டிருப்பேன். மாடிப் பெண் கண்ணாடியை மடித்துப் பையில் வைத்தாள்.

அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. அந்த மாவை நீ யாருக்காவது கொடுத்தாயா என்று மகளைக் கேட்டேன். முதலில் இல்லை என்றாள். அப்புறம், தீபாவளிக்கு மேல் வீட்டு அம்மா ஒரு டப்பாவில் அதிரசம் கொடுத்தார்கள், அந்த டப்பாவில் கொஞ்சம் சத்துமாவு போட்டுத் திருப்பிக் கொடுத்தேன் என்றாள்.

"காலியாவா குடுக்க முடியும்?" என்றாள்.

நானும் மாடிப் பெண்ணும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். அவள் உதட்டைக் கடித்தாள், சிரிப்பை அடக்க. நான் செய்தது தப்புதான். ஆனால் ஊரே அதைத்தானே செய்துகொண்டிருக்கிறது? டப்பா போகிற வழியெல்லாம் வண்டு போயிருக்கும். ரயிலும் ரோடும் அதற்கு ஒரு பொருட்டா?

மகள் வழியை மறித்துக்கொண்டாள். "ம்மா, மேல போய் உங்க வீட்ல வண்டு இருக்கான்னு கேக்கப் போறியா? நாளைக்கு லிஃப்ட்ல அவங்க மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

நியாயமான கேள்விதான். நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். ஆனால் அன்றைக்கு என் கால் நிற்கவில்லை. லிஃப்ட்டுக்குக்கூடக் காத்திருக்காமல் படியேறினேன். முழங்கால் வலி தெரியவில்லை. மாடிப் பெண் தானே கேட்பதாகச் சொன்னாள். வேண்டாம், நீ கேட்டால் கதவைச் சாத்திவிடுவார்கள் என்றேன்.

பெல்லை அடித்ததும் என்ன சொல்லப்போகிறோம் என்பது மறந்துவிட்டது. கதவு திறந்தது. என் வயசில் பத்து குறைத்தால் இருக்கும் ஒரு அம்மாள், கையில் கரண்டியோடு. இதுவரை அவர்களை நான் பார்த்ததே இல்லை.

"நான் கீழ் வூட்டுப் பொண்ணோட அம்மாங்க. நான் அரைச்ச சத்துமாவு உங்க வூட்ல கீதா? அதுல வண்டு வெச்சிருக்கா?"

மூச்சு விடாமல் கேட்டுவிட்டேன். பின்னால் படியில் என் மகள் வந்து நிற்பது தெரிந்தது. அந்த அம்மாள் என்னைப் பார்த்தார்கள், அவளைப் பார்த்தார்கள், கரண்டியைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

"வண்டா? குடும்பமே நடத்துதும்மா. வாங்க உள்ள."

அவர்கள் தென்காசிப் பக்கத்துக்காரர்கள். கொடுத்த பொருளைக் கொட்ட மனசில்லாமல், சலித்துக்கொள்ளலாம் என்று பரண்மேல் வைத்து மறந்துவிட்டார்களாம். டப்பாவை இறக்கிக் கொடுத்தார்கள். மாடிப் பெண் பேப்பரை விரித்துக் கொட்டினாள். நானும் குனிந்தேன், கண்ணாடி இல்லாமலே. செம்பு நிறம் ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து. இப்போதுதான் பொரிந்து வந்த வெளுத்த குட்டி ஒன்று. சிவப்பு, சிவப்பு. மாவுக்கட்டி ஒன்றை அவள் சின்ன பிரஷால் உடைத்தாள். அதிலிருந்து ஒன்று புரண்டு எழுந்து விளிம்பைப் பார்த்து ஓடியது, தார் மாதிரிக் கருப்பாக.

நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். "தோ. தோ போவுது பாரு."

"பாத்துட்டேன்மா" என்றாள். பின்னாலேயே இன்னொன்று. கருப்பு மட்டும் சாட்சி ஆகாது, கருப்பு எங்கே வேண்டுமானாலும் பிறக்கலாம், உள்ளே இருக்கிற கோடு ஒத்துப்போனால்தான் கணக்கு என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். சொன்னது எனக்கா, அவளுக்கேவா தெரியவில்லை. நான் உதவிக்கு டப்பாவை நீட்டினேன். "நீங்க எதையும் தொடாதீங்கம்மா" என்றாள். அங்கே இருந்த நாலு பேரும் சிரித்துவிட்டோம். என் மகள்கூட.

காபி குடித்துக்கொண்டிருக்கும்போது அந்த அம்மாள் ஒரு வார்த்தை சொன்னார்கள். இது என்ன பெரிய அதிசயம், இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் ஊரிலிருந்து வந்த கோதுமை மாவை உங்கள் மகளுக்குக் கொடுத்தேனே, அதிலேயே இந்த மாதிரிக் கருப்பு இருந்ததே என்றார்கள்.

மாடிப் பெண் டம்ளரைக் கீழே வைத்தாள். என் மகள் யோசித்துப் பார்த்துவிட்டு, அந்த மாவு எங்களுக்குப் பிடிக்கவில்லை, அம்மாவுக்குத்தான் அனுப்பினேன் என்றாள். எனக்கும் ஞாபகம் வந்தது. மகள் பையில் போட்டுக் கொடுத்த மாவை என் சத்துமாவோடு கலந்துவிட்டேன். கருப்பை நான் முதலில் பார்த்தது அதற்கு முன்பா, பின்பா? எவ்வளவு யோசித்தும் சொல்ல முடியவில்லை. இன்றைக்கும் முடியவில்லை. என் வண்டு என்று அத்தனை உரிமையாகச் சொல்லிக்கொண்டு வந்தேனே, அது தென்காசியிலிருந்து வந்த விருந்தாளியாகவும் இருக்கலாம். எனக்கு ஏமாற்றமாக இருக்கும் என்று நினைத்து மாடிப் பெண் என் முகத்தைப் பார்த்தாள். ஏமாற்றமா? எனக்கு எழுந்து நடனம் ஆடலாம் போல இருந்தது. தென்காசிக்கும் தாம்பரத்துக்கும் எவ்வளவு தூரம். அந்த அம்மாள் அடுத்த முறை ஊருக்குப் போகும்போது கொண்டுபோக இரண்டு வெள்ளை டப்பாவைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை அவள் மேடத்திடம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாளாம், என் ஒரு கரண்டி மாவு உட்பட. மேடம் முதலில் கோபப்பட்டார்களாம். என்னிடம் வாங்கின எட்டையும் ஓரமாக வை என்றார்களாம். அப்புறம் அதிரச டப்பா கதையைக் கேட்டதும், யார் யாருக்கு டப்பா கொடுத்தனுப்புகிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு அதையும் எழுதச் சொல்லிவிட்டார்களாம். மேல் வீட்டு வண்டை மெஷினில் வைத்து மூன்று வாரத்தில் முடிவு வந்தது. அவள் காலேஜிலிருந்தே போன் செய்தாள். சாயங்காலம் வரை பொறுக்க முடியவில்லையாம். "ஒத்துப்போவுதும்மா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு தலையை ஆட்டினேன், அவளுக்குத் தெரியாது என்ற ஞாபகமே இல்லாமல். எது எதிலிருந்து வந்தது என்பது தென்காசி டப்பா வந்தால்தான் தெரியும்.

எனக்கு ஒரு வேலை பாக்கி இருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை பல்லாவரத்துக்குப் போனேன், மாடிப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு. நாத்தனார் வீட்டு மாவை எல்லாம் அந்தப் பெண் எதிரிலேயே மறுபடி சலித்தேன்.

"இன்னாடி, ரெண்டாவது வாட்டி சலிக்கிற. இல்லன்னா நம்ப மாட்டியா?" என்றாள் நாத்தனார்.

"இல்லன்றதும் ஒரு பதில்தான் அண்ணி" என்றேன்.

நான் எதிர்த்துப் பதில் சொல்லி அவள் கேட்டதே இல்லை. இன்னாது, இன்னாது என்று இரண்டு முறை கேட்டாள். நான் சல்லடையைத் தட்டிவிட்டு, வெள்ளை டப்பாவின் மூடியைத் திருகி மூடினேன். மேலே "பல்லாவரம்" என்று எழுதினேன். என் கை பழக்கத்தில் ஒரு பிடி எதையாவது தேடியது. பக்கத்தில் பொட்டுக்கடலை டப்பாகூட இருந்தது. கையை மடக்கிக்கொண்டு, டப்பாவை அப்படியே மாடிப் பெண்ணிடம் நீட்டினேன், காலியாக. அவள் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள், மற்ற டப்பாக்களைப் பார்த்த அதே மாதிரி.